மருந்து மட்டும் போதுமா?

(தோட்டச் சுகாதாரம் பற்றிப் பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசறை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை என ஊவா மலைகளெங்கும் தேயிலை தளிர்க்கிறது. அத்தளிரைக் கொய்யும் தாய்மாரின் உடலிலோ குருதி குன்றுகிறது. இதனை விதியென்பார் உளர். விதியன்று, நோயும் ஊட்டக்குறைவும் சேர்ந்து செய்யும் வேலை இது. நோய் வரும் வழியை அறிந்தால் அதனை அடைக்கவும் நம்மால் முடியும்.

தொற்றுநோய்க்கு வாயில்கள் பல. சயரோகம் மூச்சின் வழியே வருகிறது. காற்றோட்டமற்ற லய அறையில் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கி உறங்குவது அதற்கு வாய்ப்பாகிறது. நெருப்புக் காய்ச்சல் வாயின் வழியே வருகிறது. மேல் லயத்துக் கழிவு கலந்த நீர் கீழ் லயத்துப் பீலியில் வந்து விழுமாயின், ஒருவர் நோய் ஊர் நோயாகிவிடும்.

கொழுக்கிப்புழுவின் வழி வேறு. நோயாளி திறந்த வெளியில் மலங்கழிக்க, அதிலுள்ள முட்டைகள் ஈரமும் நிழலும் வெதுவெதுப்புமுள்ள மண்ணில் பொரிக்கின்றன. சில நாட்களில் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வரை ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்குகின்றன. அங்கே குடற்சுவரைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குருதி குடிக்கின்றன. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. சோம்பல் என்று கங்காணி ஏசியது பலவேளை இந்தச் சோகையைத்தான்!

உடல் வாளாவிருப்பதில்லை. தோல் அதன் மதில். இரைப்பையின் அமிலம் அதன் அகழி. வெள்ளணுக்கள் அதன் படை. சில வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. சில அக்கிருமிக்கென்றே பொருந்திய எதிர்ப்பொருளை ஆக்குகின்றன. அப்போரின் வெம்மையே காய்ச்சல். போர் ஓய்ந்த பின்னும் பகைவனை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் உண்டு. ஆகவேதான் ஒருமுறை சின்னமுத்து கண்டவர்க்கு அது மறுமுறை வருதல் அரிது. நோயின் துன்பமின்றி அந்நினைவை ஊட்டுவதே தடுப்பூசி. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் காணப்பட்டார். 2019இல் சின்னமுத்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் 2023இல் தடுப்பூசி பெறாதவரிடையே அது மீண்டும் தலைதூக்கியது. காவல் தளர்ந்தால் பகை புகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கொழுக்கிப்புழுவிடம் இந்த நினைவு பலிப்பதில்லை. அது உடலின் எதிர்ப்பை அடக்கி ஏய்க்க வல்லது. பத்துமுறை வந்தவரையும் பதினோராம் முறை பற்றும். இங்கே உட்படை போதாது, வெளிக்காவல் வேண்டும்.

இதனை நம் நாட்டு வரலாறே கூறுகிறது. 1916 அளவில் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். ஆயிரமாயிரம் தொழிலாளர்க்கு மருந்து கொடுத்தனர், புழுக்கள் விழுந்தன. ஆனால் மருந்துக்கு இசைந்த நிர்வாகங்கள் பல, மலசலகூடங் கட்டும் செலவுக்குத் தயங்கின. மண் மாசாகவே இருந்தது. குணமானவர் அதே மண்ணை மிதித்தனர், மீண்டும் நோயுற்றனர். வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நல்ல குடியிருப்பு வேண்டாம் என்ற கணக்கு தோற்றது. தோற்ற கணக்கின் வட்டியைக் கட்டியவர்கள் தொழிலாளரே!

ஆதலால் நாம் கேட்பது சலுகையன்று. குடும்பந்தோறும் மலசலகூடம், பாதுகாக்கப்பட்ட ஊற்றிலிருந்து குழாய்நீர், காற்றும் வெளிச்சமும் புகும் தனிவீடு, தகுதிபெற்ற வைத்தியர் என்பன நோய்த் தடுப்பின் அடிப்படைகள். வெள்ளணுவும் எதிர்ப்பொருளும் வெறும் வயிற்றில் விளைவதில்லை. ஆகவே வயிறார உண்ணப் போதிய ஊதியமும் சுகாதாரக் கோரிக்கையே.

நாம் செய்யவேண்டியனவும் உண்டு. பிள்ளையின் தடுப்பூசி நாளைத் தவறவிடாதீர். நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவீர். காலணியின்றி மண்ணில் இறங்காதீர். புழுமருந்தை வைத்தியர் சொற்படி உட்கொள்வீர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிப்பிப்பீர். ஆசிரியர்களும் அலுவலர்களும் இவற்றை லயந்தோறும் சென்று விளக்குவார்களாக.

அண்டை லயத்தில் நோயிருக்க நம் வீடு தப்பும் என்று எண்ணவேண்டாம். ஒரே ஓடையின் நீரைப் பருகுவோர்க்கு நலமும் கேடும் பொதுவே. எனவே ஒன்றாய்க் கேட்போம், ஒன்றாய்க் காப்போம்.