கடையில் தாராளம், ஆற்றில் அரிது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்துப் பராமரிப்புக் கட்டணம் பற்றிய விவாதம் இருக்கிறது என்பதால், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களில் பலர் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. அதில் இந்த மீனும் இருக்கலாம்: உடல் முழுக்கக் கறுப்பு வெல்வெட் போல, வால் மட்டும் செக்கச்செவேல் என்று. கடையில் 'ரெட் டெயில் ஷார்க்' என்பார்கள். பெயரில்தான் சுறா. உண்மையில் இது நம் கெண்டை, ரோகு வகையறா. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஆனால் தொட்டியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற மீன்களை விரட்டு விரட்டு என்று விரட்டும். "ஒன்றுக்கு மேல் வாங்காதீங்க" என்று கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இதன் சொந்த ஊர் தாய்லாந்து. அங்குள்ள சாவ் பிரயா ஆறும், அதைச் சுற்றிய சதுப்பு நிலங்களும்தான் இது வாழ்ந்த இடம். சயாம் அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஹியூ ஸ்மித் என்ற அமெரிக்கர் 1931-ல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். பிறகு உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் இது பிரபலமானது.

அந்த ஆற்றில் என்ன ஆயிற்று தெரியுமா? உலகப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன், உயிரினங்களின் நிலையை வரிசைப்படுத்தி 'சிவப்புப் பட்டியல்' வெளியிடுகிறது. அதில் 1996-ல் இந்த மீனுக்குக் கிடைத்த இடம் 'இயற்கையில் அற்றுப்போனது'. அதாவது தொட்டியிலும் பண்ணையிலும் உண்டு, ஆற்றில் ஒன்றுகூட இல்லை என்று பொருள். பின்னர் சாவ் பிரயா படுகையில் ஓர் இடத்தில் சில மீன்கள் இருப்பது தெரியவந்தது. 2011-ல் 'மிக அபாய நிலையில் உள்ளது' என்று மாற்றினார்கள். அற்றுப்போவதற்கு முந்தைய படி அது.

வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1970-களில் கட்டிய அணைகளும், வடித்துக் காயவைத்த சதுப்பு நிலங்களும்தான் பெரிய காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வெள்ளம் பரவும் நிலம் போனால், அதை நம்பி வாழும் மீனும் போகும். வலை வீசாமலே ஒரு மீனை ஒழித்துவிட முடியும்.

இன்று நீங்கள் கடையில் வாங்கும் ரெட் டெயில் ஷார்க் பண்ணையில் பிறந்தது. வீட்டுத் தொட்டியில் இது லேசில் முட்டையிடாது. பண்ணையில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆகவே இதை வாங்குவதால் ஆற்றிலுள்ள மீன் குறைந்துவிடாது. அந்த வகையில் உங்கள் மனசாட்சி நிம்மதியாக இருக்கலாம்.

"பண்ணையில்தான் அத்தனை இருக்கிறதே, பிடித்து ஆற்றில் விட்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். விடுவதற்கு அந்தப் பழைய சதுப்பு நிலம் வேண்டுமே! தலைமுறை தலைமுறையாகச் சிமெண்ட் தொட்டியில், போட்ட தீனியைத் தின்று வளர்ந்த மீனுக்கு எதிரியைக் கண்டு ஒளியும் பழக்கமும் குறைந்திருக்கும். பண்ணை நோய்களையும் சேர்த்துக் கொண்டுபோய் மிச்சமிருக்கும் சில மீன்களுக்குக் கொடுத்துவிடவும் கூடும். கடையில் ஆயிரம் இருப்பது ஆற்றில் ஒன்று இருப்பதற்கு ஈடாகாது.

இதை ஏன் நம் குடியிருப்பில் வந்து சொல்கிறேன்? வீடு மாற்றும்போதும், மீன் பெரிதாகிவிட்டாலும், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று பின்பக்க ஏரியில் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நல்ல மனசுதான். ஆனால் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறோமே சக்கர் மீன், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் கதையைப் பாருங்கள். அப்படி விடப்பட்டுத்தான் இன்று தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் பெருகிவிட்டது. அதன் முள் மீனவர் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் விலையும் போகாது. நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் கிடைக்கவேண்டிய இரையும் இடமும் அதற்குப் போகிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது நம் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வாங்கிக்கொள்ள யாராவது முன்வருவார்கள். தொட்டித் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள். மழைநீர் வடிகாலில் கொட்டினால் அதிலுள்ள நத்தையும் செடியும் ஏரிக்குத்தான் போய்ச்சேரும். மூன்றாவதாக, ஏரிக்கரையில் கட்டடக் கழிவு கொட்டுவதைப் பார்த்தால் சங்கத்துக்கு உடனே சொல்லுங்கள். தாய்லாந்து மீன் வீடிழந்தது நிலத்தை வடித்ததால். நம் கெண்டை வீடிழப்பது இப்படி லாரி லாரியாகத்தான்.

இன்று இரவு தொட்டிக்குத் தீனி போடும்போது, அந்தச் சிவப்பு வாலைக் குழந்தைகளுக்குக் காட்டி, அதன் ஊர் எது என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு காலை அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துவாருங்கள். அங்கே என்னென்ன மீன் இருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.

இனி பராமரிப்புக் கட்டணம்.