கொடையாளர் புறப்பட்ட பின்: புத்தளம் களப்பும் உணவுப் பாதுகாப்பும்
(ஆய்வரங்கத் தலைமை உரை)

 

உணவுப் பாதுகாப்புக்காகக் கொடை நாடுகளும் சர்வதேச அமைப்புகளும் இணைந்து செய்யும் பணிகளை ஆராயப் புத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் அதிகம் இல்லை. அத்தகைய உதவியின் பல முகங்களை இந்தக் கரை கண்டிருக்கிறது.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் படகேறி வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். அவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் இந்த ஊர் மக்கள். பிறகு அரசின் உலர் உணவு நிவாரணம் வந்தது. அதற்குப் பின்னால் உலக உணவுத் திட்டம் நின்றது. அந்தத் திட்டத்தின் பின்னால் பல நாடுகளின் பணமும் தானியமும் நின்றன. அந்த அரிசியும் மாவும் பருப்பும் உயிர்களைக் காத்தன. இதை நன்றியோடு பதிவு செய்வது நம் கடமை. ஆனால் நிவாரண அட்டை ஆண்டுக்கணக்காக நீண்டது. வலை பின்னவும் வள்ளம் செலுத்தவும் தெரிந்தவர் பட்டியலில் ஒரு பயனாளி ஆனார். களப்பில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கே மீன் போதாத நிலை. வந்தவர்களில் பலர் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். வயிற்றை நிரப்பிய அந்த உதவிக்கு அவர்களுடைய தொழிலைத் திருப்பித் தரும் வழி தெரியவில்லை.

இன்னொரு முகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசின் நிதியில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு தெற்கு, தென்கிழக்காசியப் பிராந்தியக் கடற்றொழில் வாழ்வாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. கம்போடியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், திமோர்-லெஸ்தே, வியட்நாம் ஆகியவற்றோடு இலங்கையும் அதில் சேர்ந்தது. இலங்கையில் அத்திட்டம் இறங்கி வேலை செய்த இடங்களில் முக்கியமானது நமது புத்தளம் களப்பு. கடலில் பாதுகாப்பு, பிடித்த மீனைப் பழுதாகாமல் கரைசேர்ப்பது, மாற்று வருமானம், சிறுகடன் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் இடம் இருந்தது. எனினும் என் கணிப்பில் அதன் உயிர்நாடி வேறொன்று: களப்பை நிர்வகிக்கும் பொறுப்பை அரசும் தொழிலாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற முயற்சி.

உணவுப் பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. ஒற்றை இழை நைலோனால் ஆன தங்கூசி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது தடைசெய்யப்பட்ட வலை. ஆனால் விலை மலிவு, நீரில் மீனின் கண்ணுக்குத் தெரியாது, நன்றாகப் பிடிக்கும். ஒரு கிராமம் அதை விட்டுவிட, பக்கத்துக் கிராமம் விடாமல் இருந்தால், சட்டத்தை மதித்தவர் வீட்டு உலைதான் முதலில் காயும். ஆகவே தடை எல்லோருக்கும் ஒன்றாக நடந்தால் மட்டுமே எவருக்கும் பயன். ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் களப்பில், இத்தனை இறங்குதுறைகளிலும் விடியற்காலையில் ஓர் அதிகாரி நின்று பார்க்க முடியாது. தொழிலாளரே கூடி விதி வகுத்து, அதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தால்தான் அது நிற்கும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தை இறங்குதுறை வரை கொண்டுவர முயன்றதே ஸ்பெயின் பணத்தின் பெறுமதி.

அத்திட்டத்தின் கீழ் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் களப்பின் சூழலையும் கடற்றொழிலையும் பற்றி இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட விவர நூல் ஒன்றைத் தயாரித்தது. கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீர், ஓரிரு மீற்றர் ஆழமே உள்ள நீர்ப்பரப்பு, கடற்புல் படுகை, கண்டல், இறால், நண்டு, அவற்றை நம்பிய குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நூல் அது. இங்கிருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

2013இல் திட்டம் முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் ஸ்பெயினே கடும் பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்து, வெளிநாட்டு உதவியை வெகுவாக வெட்டியது. நான் ஸ்பெயினைக் குறை சொல்லவில்லை. தன் இளைஞர்களுக்கு வேலையில்லாத காலத்திலும் அந்நாடு இத்திட்டத்துக்குப் பணம் தந்தது. நான் சொல்வது காலக்கணக்கைப் பற்றி. அழிந்த கண்டல் மீண்டும் மீன்குஞ்சுகளுக்கு நிழலாவதற்கு நான்கு ஆண்டு போதாது. பல ஊர்களும் இரு மொழிகளும் கலந்த ஒரு களப்பில் தொழிலாளர் ஒருவரை ஒருவர் நம்புவதற்கும் போதாது.

இதற்கு மாறாக நோர்வேயைப் பாருங்கள். அந்நாடும் உணவு விவசாய அமைப்பும் 1975 முதல் நான்சன் திட்டத்தை நடத்திவருகின்றன. ‘டொக்டர் ஃபிரிட்ஜோஃப் நான்சன்’ என்ற ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலில் மீன்வளத்தை அளந்தது. அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் 2018இல் மீண்டும் வந்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் நம் கடல் என்ன ஆனது என்று ஒப்பிட முடிந்ததற்குக் காரணம் அந்தக் கூட்டு விட்டுப்போகாமல் இருந்ததுதான். ஆனால் அந்தக் கப்பல் நம் ஆழமற்ற களப்புக்குள் வர முடியாது. களப்பை நாம்தான் அளக்க வேண்டும்.

நம் நாட்டின் 2022 பொருளாதார நெருக்கடிக்கு வருகிறேன். உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் அந்த ஆண்டு எடுத்த மதிப்பீட்டின்படி 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருந்தனர். அடுத்த ஆண்டு அது 39 இலட்சமாகக் குறைந்தது. இடையில் பெரிய உதவிகள் வந்தன. 2023இல் அமெரிக்க யூ.எஸ்.எயிட் நிதியில், உணவு விவசாய அமைப்பு வழியாக 36,000 தொன் டி.எஸ்.பி. உரம் நெல் விவசாயிகளுக்குக் கிடைத்தது. தேவையான உதவி. ஆனால் கரையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகள் கரையில் கிடந்தன. நாட்டு மக்கள் உண்ணும் விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேல் மீனிலிருந்து வருகிறது. உணவுப் பாதுகாப்பு என்றதும் கொழும்பின் கண்ணுக்கு நெல் வயல் தெரியும் அளவுக்கு இந்தப் படகு தெரியாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த உரத்துக்கு நிதி தந்த யூ.எஸ்.எயிட் நிறுவனத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது; அதே ஆண்டு யூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. தூரத்துத் தலைநகரில் ஆட்சி மாறினால் இங்கே திட்டம் நின்றுபோகும். இதை விதிவிலக்காக எண்ணாமல், ஒவ்வொரு திட்டத்தையும் வரையும் முதல் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏற்றுமதியைப் பற்றியும் ஒரு சொல். 1980களில் இறால் பண்ணைகள் இந்தக் கரையெங்கும் பரவின. கண்டல் வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் வீழ்ந்தன. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் பார்க்கலாம். அந்நியச் செலாவணி வந்தது உண்மை. ஆனால் கண்டல் நிழலில் வளர்ந்த மீனை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இன்று நண்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. நண்டு பிடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் மீன் விழுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் கேட்க வேண்டும்.

ஆகவே இந்த ஆய்வரங்கின் இரண்டு நாட்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வரவிருக்கும் எந்தக் கொடை ஒப்பந்தத்தையும் எத்தனை மில்லியன் டொலர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது முடிந்த மறுநாள் களப்பின் விதிகளும் தரவுகளும் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு இறங்குதுறையிலும் என்ன மீன், எவ்வளவு, எந்த வலையில் என்று எழுதும் பதிவேட்டைக் கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்கள் தாமே வைத்திருக்கட்டும். கற்பிட்டியில் உள்ள நாரா நீரியல் வள ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகங்களும் அதைச் சரிபார்க்கத் துணை நிற்கட்டும். கருவாடு காயவைக்கும் பெண்களின் கணக்கும் அதில் சேர வேண்டும். அவர்கள் கையிருப்பைப் பதியாவிட்டால் பஞ்ச மாதங்களில் இந்தக் கரை எதை உண்கிறது என்பது எவருக்கும் தெரியாது. பதிவேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

இங்கு வந்திருக்கும் அந்தச் சங்கத்தினரைப் பின் வரிசையில் அமர்த்தியிருக்கிறார்கள். முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்கள் முடித்ததும், கேள்வி நேரத்தின் முதல் உரிமையை அவர்களுக்கே தருகிறேன். தயவுசெய்து முன்னால் வந்து அமருங்கள். அமர்வு தொடங்கட்டும்.