40-க்கு 40 பாஸ், ஆனாலும் தப்பு

இன்னைக்கு எபிசோட்ல நான் பண்ண ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில, சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர் எழுதுறதுதான் என் வேலை. பழைய டெஸ்ட் ஸ்டேஷன் ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துக் கட்டடத்துல புதுசா ஒண்ணு வெச்சாங்க. "ரெண்டும் ஒரே மாதிரி அளக்குதான்னு பார்த்துச் சொல்லு"ன்னாங்க. பழைய ஸ்டேஷன்ல பாஸ் ஆன ட்ரேயில இருந்து 40 போர்டு எடுத்தேன், புதுசுல போட்டேன். 40-க்கு 40 பாஸ். ஓகேன்னு மெயில் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

சில வாரத்துல, நல்ல போர்டெல்லாம் ஃபெயில் ஆகுதுன்னு லைன்ல இருந்து புகார் வந்துச்சு. அதுகூடப் பரவாயில்ல. ஃபெயில் ஆகவேண்டிய சில போர்டு பாஸ் ஆகி கஸ்டமர் கைக்கே போயிருந்துச்சு.

என்ன ஆச்சுன்னா, அந்த போர்டுல ஒரு 3.3 வோல்ட் சப்ளை இருக்கு. 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 3.135-ல இருந்து 3.465 வரைக்கும் பாஸ். புது ஸ்டேஷன்ல கேபிள் நீளம். கூடுதலா வெறும் 20 மில்லிஓம் இருந்தாலும், 2 ஆம்பியர் ஓடும்போது 40 மில்லிவோல்ட் வழியிலேயே போயிடும். நாங்க அளந்தது கேபிளோட அந்தக் கடைசியில. அதனால எல்லா போர்டும் 40 மில்லிவோல்ட் கம்மியாத் தெரிஞ்சுது.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. நடுவுல இருக்கிற 3.30 போர்டு 3.26-ன்னு காட்டும், பாஸ். 3.16 இருக்கிற நல்ல போர்டு 3.12-ன்னு காட்டும், ஃபெயில். 3.49 இருக்கிற கெட்ட போர்டு 3.45-ன்னு காட்டும், பாஸ்! நான் எடுத்த 40-ம் ஏற்கெனவே பாஸ் ஆனது, பெரும்பாலும் நடுவுல இருந்தது. அந்த போர்டுகளால இந்தத் தப்பைக் காட்டிக் கொடுக்கவே முடியாது. 400 எடுத்திருந்தாலும் அதே கதைதான் ஆகியிருக்கும்.

சாம்பிள் நிறைய இருந்தா போதும்னு நினைக்கிறது பழைய வியாதி. 1930-ல ஸ்காட்லாந்துல லானார்க்‌ஷயர்னு ஒரு இடத்துல, பால் குடிச்சா பள்ளிப் பிள்ளைகள் நல்லா வளருவாங்களான்னு பார்க்க 20,000 பேரை வெச்சு ஒரு சோதனை நடந்துச்சு. பாதிப் பேருக்குப் பால், பாதிப் பேருக்கு இல்ல. ரெண்டு குழுவும் சரிசமமா இல்லைன்னு தோணினா ஆசிரியர்கள் பிள்ளைகளை மாத்திக்கலாம்னு விட்டுட்டாங்க. அவங்க மனசு இரங்கி, மெலிஞ்ச பிள்ளைகளைப் பால் பக்கம் தள்ளினதா தெரியுது. ஆரம்பத்துலயே பால் கிடைக்காத குழுதான் உயரமும் எடையும் அதிகம்!

கின்னஸ் மதுபான ஆலையில வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடண்ட்'ங்கிற புனைபெயர்ல எழுதுவார். டி-டெஸ்ட் படிச்சவங்களுக்கு அந்தப் பேர் தெரியும். அவர் 1931-ல என்ன சொன்னார்னா, இத்தனை ஆயிரம் பேர் வேண்டாம், ஒரே மாதிரி இருக்கிற இரட்டைப் பிள்ளைகள் 50 ஜோடி இருந்தா இதைவிட நம்பகமான பதில் கிடைக்கும்னார்.

நமக்கு அதைவிட வசதி இருக்கு. அதே போர்டையே ரெண்டு ஸ்டேஷன்லயும் போடலாம். இன்னைக்கு நான் இதைத் திரும்பச் செஞ்சா எப்படிச் செய்வேன்?

முதல்ல, எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற போர்டைத் தேடி எடுப்பேன்: கீழ் எல்லை, மேல் எல்லை, நடு, அப்புறம் நிச்சயமா ஃபெயில் ஆனது. ஒரே நாள்ல வந்ததா எடுக்காம வேற வேற லாட்ல இருந்து எடுப்பேன். ஆனா ஃபெயில் ஆனதுல, சால்டர் விட்டு விட்டு ஒட்டுற மாதிரி போர்டு வேண்டாம். அது தானே மாறிட்டே இருக்கும். மாறினது போர்டா, ஸ்டேஷனான்னு தெரியாது.

ரெண்டாவது, ஒவ்வொண்ணையும் ரெண்டு இடத்துலயும் 3 தடவை போடுவேன். வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணுவேன். இல்லைன்னா போர்டு சூடாகுறதுகூட ஸ்டேஷனோட வித்தியாசம் மாதிரி தெரியும்.

மூணாவது, பாஸ், ஃபெயில் மட்டும் எண்ண மாட்டேன். ஒவ்வொரு போர்டுக்கும் ரெண்டு அளவையும் எழுதி, கழிச்சுப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னா, இதை மட்டும் செஞ்சிருந்தாலே அந்த 40 போர்டுலயே 40 மில்லிவோல்ட் பல்லை இளிச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பொறுக்கி எடுத்த சாம்பிளை வெச்சு, "நம்ம லைன்ல இத்தனை சதவீதம் ஃபெயில்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தக் கேள்விக்கு, பொறுக்காம குலுக்கி எடுத்த சாம்பிள்தான் வேணும். கேள்வி மாறினா சாம்பிளும் மாறணும்.

அன்னைக்கு நான் சோதிக்க வேண்டியது ஸ்டேஷனை. நான் எடுத்ததோ ஸ்டேஷனுக்குக் கஷ்டமே கொடுக்காத போர்டு. உங்க வேலையில டெஸ்ட் எல்லாம் பாஸ்னு வந்தா, இந்த சாம்பிளால ஃபெயில் ஆகியிருக்கவே முடியுமான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் டீ குடிக்கப் போகலாம்.