ஏழு நாள் முகாமில் ஒரு தண்ணீர் வேலை

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம், நம் பிள்ளைகள் சொல்லும் என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம்.

முகாம் என்றாலே வெள்ளையடிப்பதும் மரக்கன்று நடுவதும்தான் என்றாகிவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் அதைவிட அவசரமான வேலை உண்டு. இங்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல். பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கறை படியும். வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். குடிக்க, சோறு பொங்க அதையே வையுங்கள், போர்வெல் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும். இதை வீடு வீடாகச் சொல்ல மாணவர்களுக்கு ஒரு மாலை போதும். அவர்கள் ஏழாம் நாள் பஸ் ஏறிவிடுவார்கள். அதன் பிறகு, பழுப்புக் கறை தெரிகிறதா என்று பள்ளியில் ஆண்டுதோறும் பல் பரிசோதனை நடத்தும் பொறுப்பை ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தாரும் ஊர் இளைஞர் மன்றமும் ஏற்கலாம்.