மாற்றுச் சிறுநீரகமும் புற்றுநோயும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வைத்தியன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனினும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும், அதனை உற்றார்க்கு ஈந்தோரும் நம்மவர் குடும்பங்களிலும் உளராதலின், அவர் அறியத்தக்க ஒன்றை ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

1954-ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரத்து இரணவைத்தியர் ஜோசப் மரே, ஒருவரின் சிறுநீரகத்தை அவர்தம் இரட்டைச் சகோதரர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். இருவரும் ஒரே கருவினின்று பிரிந்தவராதலின், பெற்றவர் உடல் அதனை அயலென்று கொள்ளவில்லை. ஏனையோர்க்கு அவ்வாறன்று. பிறர் உறுப்பைப் பகையென்று தாக்குவது உடலின் இயற்கை. அதனை அடக்கும் மருந்துகளை அவ்வுறுப்பு இயங்குமளவும் உட்கொள்ளுதல் வேண்டும். இது கோட்டைக் காவலரை உறங்கச் செய்தல் போன்றது. உறங்குங் காவலர் புதிய உறுப்பைத் தாக்கார். ஆனால், புற்றாகத் தலைப்படும் உயிரணுக்களையும், புற்றுக்கு வித்தாகுஞ் சில வைரஸ்களையும் விரட்டவும் மாட்டார்.

இஃது ஊகமன்று. 1968-இலேயே டென்வர் நகரில் இஸ்ரேல் பென் என்னும் இரணவைத்தியர், மாற்றுறுப்புப் பெற்றோர்க்கு நேர்ந்த புற்றுநோய்களைப் பதிந்துவைக்கத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் 28,855 சிறுநீரக நோயாளரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கு இன்னுந் தெளிவானது. பொதுமக்களை நோக்க, டயாலிசிஸ் காலத்தில் புற்றுநோய் 1.35 மடங்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றபின் 3.27 மடங்கும் காணப்பட்டது. சாதாரணத் தோற்புற்று இதிற் சேரவில்லை. வெண்ணிறத்தாரிடை அது பன்மடங்கு மிகும். டயாலிசிஸில் நெடுநாள் இருப்போரின் பழைய சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, அவற்றுட் சில புற்றாதலும் உண்டு.

மும்மடங்கு என்றவுடன் மாற்றுச் சிறுநீரகமே வேண்டா என்பார்க்கு ஒன்று சொல்வேன். டயாலிசிஸிலேயே காலங்கழிப்போரினும் அதனைப் பெற்றோர் பெரும்பாலும் நெடிது வாழ்கின்றனர்.

நிற்க. மருந்தாலன்றோ இவ்விடர் என்று தாமே அதனை நிறுத்துவார் உளரேல், அவர் சிறுநீரகத்தையே இழப்பர். வைத்தியர் மருந்தை மாற்றுதல் வேறு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றபின் கபோசி என்னும் புற்று தோலிற் கண்ட பதினைவரைப் பற்றி இத்தாலிய வைத்தியர்கள் 2005-இல் எழுதினார்கள். சைக்ளோஸ்போரினை விடுத்துச் சிரோலிமஸ் கொடுக்க, மூன்று திங்களில் தோற்புண்கள் மறைந்தன. சிறுநீரகமும் பழுதின்றி நின்றது. சிரோலிமஸோ, பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தந்தது!

புற்று என்ற பெயர் பொருத்தமானதே. கறையான் உள்ளே வேலை செய்வதைப் புறத்தே மண் எழுந்தபின் காண்கிறோம். ஆதலின் ஆறாத புண், கழுத்திலோ அக்குளிலோ கட்டி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றை உடனே வைத்தியரிடம் காட்டுக. பெண்டிர் கருப்பைவாய்ச் சோதனைக்கு நாணற்க. வெற்றிலையோடு புகையிலை மெல்லுதலை அறவே விடுக.

நம் நாட்டில் சிறுநீரகம் ஈவோருட் பெரும்பாலார் தாயரும் மனைவியரும். அவர்க்கு இவ்வச்சம் வேண்டா. மேற்கூறிய மருந்துகளை அவர் உண்பதில்லை.