வராத பிள்ளையின் வீடு



எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "உங்க பொண்ணு எங்கே?" என்று கேட்கிறார், "ஆபீஸுக்குப் போயிருக்கா" என்று அம்மா சொல்கிறாள் என்றால், மேசை நாற்காலி போட்ட இடம் என்றுதான் அவர் நினைத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் அந்தப் பொண்ணுக்கு ஒன்பது வயதுதான் ஆகியிருக்கும்.

அப்படி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக நடந்த ஒரு சிறப்புப் பள்ளியில் நான் ஆசிரியையாக வேலை பார்த்தேன். இன்றைக்கு உங்களோடு பேசப்போவது அந்தப் பள்ளியைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1986இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1988இல், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. நாட்டில் முதன்முதலாக இந்தத் திட்டம் வந்த இடங்களில் எங்கள் மாவட்டத்துச் சிவகாசிப் பகுதியும் ஒன்று. 1990இல் சலம் பென்னூர்கர் சிவகாசியைப் பற்றி எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எங்கள் பிள்ளைகளின் முகத்தை வெளியுலகம் பார்க்கும்படி செய்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்து வேலை வாங்கும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கே சிவகாசியை வைத்துத் தொடுக்கப்பட்டதுதான். தீர்ப்பு வந்த கையோடு, அந்தத் திட்டத்தின் கீழ் நடந்த எங்கள் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும் நேயர்களே. எனக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்கள் பள்ளி ஒரு ஓட்டுக் கட்டடம். 50 பிள்ளைகள், பாடம் நடத்த இரண்டு பேர், தையல் சொல்லிக்கொடுக்க ஒருவர். மதியம் சாப்பாடு. டாக்டர் வந்து பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் மாதம் 100 ரூபாய் கணக்கில் ஏறும். இது பின்னாளில் 150, 400 என்று கூடியது. பிள்ளை இங்கே படித்து முடித்து வழக்கமான பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வரும். தன் பெயர் எழுதிய பாஸ் புத்தகத்தை முதல்முறை பார்த்த ஒரு பையன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எடுக்கவே இல்லை.

பள்ளி ஒன்பதரைக்குத் திறக்கும். ஆனால் நான் சேர்ந்த முதல் வாரத்தில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், உங்க பிள்ளைக காலையில ஆறு மணிக்கே வந்து வாசல்ல உக்காந்திருக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுநாள் நானும் ஆறு மணிக்குப் போனேன். ஏழெட்டுப் பிள்ளைகள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் வேன் விடிவதற்கு முன்னாலேயே ஊருக்குள் வந்து நிற்கும். நாலு மணிக்கே எழுந்து பழகிய உடம்பு, வேனை விட்ட பிறகும் நாலு மணிக்கே எழுந்துகொள்ளும். எழுந்த பிறகு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதனால் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஏழு மணிக்கே கதவைத் திறந்துவிடுவேன். உள்ளே வந்து படுத்துத் தூங்குவார்கள். பத்து வயதுப் பிள்ளை காலை எட்டு மணிக்கு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால், அதை எழுப்பிப் பாடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் பள்ளியின் முதல் பாடவேளை தூக்கம்தான்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பலர் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்திருந்தார்கள். ஒரு பொண்ணு, பதினோரு வயது இருக்கும். ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தவள். பலகையில் 144 என்று எழுதி, "இது என்ன?" என்று கேட்டேன். விழித்தாள். எழுதிய எண் எதுவும் அவளுக்குத் தெரியாது. "நூற்று நாற்பத்து நாலும்மா" என்றேன். சட்டென்று முகம் மலர்ந்தது. "ஒரு குரோஸா டீச்சர்?" என்றாள். தீப்பெட்டிக்காரர்களுக்கு எல்லாமே குரோஸ் கணக்கு. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். "அரை குரோஸ்னா?" எழுபத்திரண்டு. "மூணு குரோஸ்?" நானூற்று முப்பத்திரண்டு. நான் பேனா எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள். பன்னிரண்டாம் வாய்பாடு அவள் விரலில் இருந்தது, எழுத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே பாடம் நடத்தும் முறையை மாற்றினோம். ஒன்று, இரண்டு என்று தொடங்கவில்லை. டஜனிலிருந்து தொடங்கினோம். பெருக்கல் முதலில் வந்தது, கூட்டல் பிறகு வந்தது. பாடப்புத்தகம் போட்டவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நான்கு மாதத்தில் அந்தப் பொண்ணு ஒரு காரியம் செய்தாள். அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவர். எத்தனை குரோஸ் கொடுத்தார் என்று சிட்டையில் எழுதிக் கொடுப்பார்கள், வாரக் கடைசியில் கூலி. அந்தச் சிட்டையை மகள் ஒரு ராத்திரி விளக்கடியில் வைத்துப் படித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கொடுத்தது ஏறவே இல்லை. மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். நான் பயந்துவிட்டேன், பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டுபோக வந்துவிட்டாரோ என்று. அவர் வாசலிலேயே நின்று, "டீச்சரம்மா, எம் மக சிட்டை படிச்சுட்டா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த நாலு முறுக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் "பிள்ளையை அனுப்புங்க" என்று நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் சொல்லவே ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பள்ளியிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. வந்த பிள்ளைக்கு ஒரு கோடு, வராத பிள்ளைக்கு ஒரு சுழி. பெரும்பாலான பள்ளிகளில் அந்தச் சுழி அங்கேயே நின்றுவிடும். எங்கள் பள்ளியில் சுழி போட்டால் அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு இல்லை, வாரக் கடைசியில் இல்லை, அன்றைக்கே. ஒரு நாள் வராத பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்துவிடலாம். நாலு நாள் வராத பிள்ளை வேனில் ஏறியிருக்கும்.

அந்த வீடுகளுக்குப் போகும் முறையை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் தையல் டீச்சர். அந்த ஊரிலேயே பிறந்து, தானும் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். போனவுடன் "பிள்ளை ஏன் வரலை?" என்று கேட்கக்கூடாது என்பார். அது போலீஸ்காரர் கேட்கிற மாதிரி இருக்கும். "தண்ணி கொஞ்சம் குடுங்கக்கா" என்று கேட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். அவர்கள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் நாமும் நாலு பெட்டி ஒட்ட வேண்டும். பசை கையில் பட்டால்தான் பேச்சு வரும். பத்து நிமிடத்தில் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்களை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும் நேயர்களே. இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டது காயவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி யாரும் தூங்கவில்லை. பொண்ணு பெரியவளாகிவிட்டாள், இனிமேல் எதற்குப் பள்ளிக்கூடம். ஆபீஸில் முன்பணம் வாங்கியாயிற்று, கணக்கு தீருகிறவரை பிள்ளை போய்த்தான் ஆகணும். ஒரு காரணத்தைக்கூட நாங்கள் சோம்பல் என்று எழுதியதில்லை. சோம்பேறியாக ஒரு பிள்ளையை அந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

ஒரு வீட்டில் பத்து வயது அக்கா எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா ஆபீஸுக்குப் போய்விட்டார். அங்கன்வாடியில் அவ்வளவு சின்னக் குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்ளமாட்டார்கள். தம்பியை யார் பார்ப்பது? என்ன சொல்வதென்று தெரியாமல், "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்துவிட்டாள். தையல் டீச்சர் தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து உத்திரத்தில் தொட்டில் கட்டினார். வகுப்பு நடுவில் தொட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் ஆட்டுவார். யார் ஆட்டுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள், நான் சொல்லாமலே. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்தத் தொட்டிலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இது கையேட்டில் இல்லை, விதியில் இல்லை என்று எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எதுவும் எழுதவில்லை. புறப்படும்போது, "அந்தக் கயிறு பத்திரமா இருக்கான்னு பாத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தொட்டில் இரண்டு வருடம் தொங்கியது. மூன்று குழந்தைகள் அதில் தூங்கின. மூன்று அக்காக்கள் படித்தார்கள்.

கல்வி உதவி வேறு, சமூக உதவி வேறு என்று கூட்டங்களில் தனித்தனியாகப் பேசுவார்கள். அந்தத் தொட்டிலை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அது இல்லாமல் அ, ஆ இல்லை. அது எனக்குத் தெரியும்.

நேரம் குறைவாக இருக்கிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிறப்புப் பள்ளிகளில் எந்தப் பிள்ளையும் நிரந்தரமாக இருந்ததில்லை. இரண்டு, மூன்று வருடத்துக்குள் வயதுக்கேற்ற வகுப்பில் வழக்கமான பள்ளியில் சேர்த்துவிட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதிகம் உடைந்துபோனது இந்த மாற்றத்தில்தான். பன்னிரண்டு வயதில் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்த ஒரு பையனை மற்ற பிள்ளைகள் "தீப்பெட்டி" என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ஓடி வந்து எங்கள் வாசலில் பழையபடி ஆறு மணிக்கு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் அந்தப் பள்ளிகளுக்குப் போய், எங்களிடமிருந்து போன பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவோம். அவனைப் பார்க்க ஒரு வருடம் போனேன். அதற்கு மேல் அவனே, "நீங்க வர வேண்டாம் டீச்சர், கிரிக்கெட் இருக்கு" என்று சொல்லிவிட்டான். அந்த வார்த்தைக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

2021இல் இந்தத் தேசியத் திட்டத்தை ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். இப்போது பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையங்கள் அந்தத் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. எங்கள் ஓட்டுக் கட்டடம் இன்றைக்கு உரக்கடை. தீப்பெட்டி வேலையும் பெருமளவு இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஆனால் பிள்ளைகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். செங்கல் சூளையில் வேறு மொழி பேசும் குடும்பத்தோடு வந்து நிற்கிற பிள்ளை, ஹோட்டலில் மேசை துடைக்கிற பிள்ளை, பதினாறு வயதில் கல்யாணப் பேச்சு நடக்கிற பொண்ணு. அவர்களுக்கு வேன் வருவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

கடைசியாக ஒன்று. பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்காமல் இருக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சொல்லியும் மறுக்க முடியாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பதினாலு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கிறவரை கட்டணமில்லாமல் படிக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

நீங்கள் டீ குடிக்கிற கடையில், உங்கள் வீடு கட்டுகிற இடத்தில், பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தால் 1098க்குக் கூப்பிடுங்கள், காசில்லாமல் பேசலாம். ஆசிரியர்களாக இருந்தால், இன்று உங்கள் பதிவேட்டில் சுழி விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு இன்று சாயங்காலமே போய்விட்டு வாருங்கள். முதலில் தண்ணீர் கேளுங்கள்.