உப்பும் உடன்படிக்கையும்: பாலாற்று எல்லைப் பகுதியின் வணிகமும் நீரும்

எல்லைப்புற வளர்ச்சி என்றாலே நம் பேச்சு இமயத்துக்கும் வடகிழக்குக்கும் போய்விடுகிறது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் நிலம் நெருங்கி நிற்கும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியும் ஓர் எல்லைப்புறம்தான். 1749இல் ஆம்பூரில் நடந்த போர் கர்நாடக நவாபுப் பதவிக்கு நடந்தது என்றாலும், அந்தப் படைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது கடற்கரைச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழியின் மதிப்பு. இன்று அதே வழியில் தோலும் காலணியும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. வெளிநாட்டுச் சந்தையோடு இவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்ட இந்தப் பகுதி, தன் நடுவே ஓடும் ஆற்றின் பொருட்டு எவரோடும் பின்னப்படவில்லை. வணிக உடன்படிக்கைகளுக்குள் பாலாற்றின் உப்பையும் ஒரு பொருளாகச் சேர்க்காதவரை, எத்தனை சாலை போட்டாலும் எத்தனை சுங்கம் குறைந்தாலும் இப்பகுதியின் வளர்ச்சிக்கு அடித்தளம் இருக்காது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

போக்குவரத்து இணைப்பில் இப்பகுதிக்கு என்றும் குறையிருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது; 1864க்குள் பாதை பெங்களூரைத் தொட்டுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் ரயில், மேட்டுநிலத்திலிருந்து வரும் கால்நடை, ஆவாரம்பட்டை, பாலாற்று மணலுக்கடியில் கிடைத்த நல்ல தண்ணீர் ஆகியவை சேர்ந்துதான் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளை இங்கே வரவழைத்தன. நூறாண்டுக்கு மேல் இங்கிருந்து போனது பெரும்பாலும் பட்டையில் பதனிட்ட அரைப்பக்குவத் தோல். 1973இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, அரைப்பக்குவத் தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல்பொருளையும் ஊக்குவித்தது. நாட்டுக்குள் கூலியும் மதிப்பும் தங்க வேண்டும் என்ற அந்தக் கொள்கை சரியானதே. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் இன்று பல்லாயிரம் பெண்கள் வேலை பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பட்டையின் இடத்தைக் குரோமியம் பெருமளவில் பிடித்தது. பணக்கார நாடுகள் தங்கள் ஆறுகளைக் காக்க விதிகளை இறுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பதனிடும் வேலையின் அழுக்கான பகுதி நம் கரைக்கு இடம்பெயர்ந்தது.

அந்த அழுக்கில் மிகவும் பிடிவாதமானது குரோமியம்கூட அல்ல, சாதாரண உப்பு. உரித்த பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு போடப்படுகிறது. தோலை ஊறப்போடும் தொட்டியில் அது கரைந்து வெளியேறுகிறது. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் தொழிலில் அந்த உப்பு எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயிரியல் முறையில் கழிவுநீரைச் சுத்திகரித்தால் கரிமக் கழிவு சிதையும், உப்பு அப்படியே நிற்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய இடங்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பிறகு எதிர்ச்சவ்வூடு பரவலுக்கும் ஆவியாக்கிகளுக்கும் மாறின. தண்ணீர் திரும்பக் கிடைத்தது. மின்செலவு ஏறியது. எதற்கும் விற்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிந்தது. இந்தக் குவியலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தோல் வாங்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் பதில் இல்லை, நாடுகளின் உடன்படிக்கையிலும் பதில் இல்லை.

வெளிநாட்டு விதியால் இந்தப் பகுதி மாறியதே இல்லையா என்றால், மாறியிருக்கிறது, வியக்கத்தக்க வேகத்தில். 1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்து, ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்றது. நம் தோலில் அது வழக்கமாகச் சேர்க்கப்பட்ட பொருள். ஏற்றுமதி நின்றுவிடும் என்ற அச்சம் எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசு தடை விதித்தது, சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்றுப்பொருள்களைத் தேடித் தந்தது, சோதனைக்கூடங்கள் வந்தன. 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோதும் இதுவே நடந்தது. 1997இல் இந்தியாவும் தடை செய்தது. ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பு தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து ஒரு வட்டாரத் திட்டத்தை நடத்தி, தோலை ஊறப்போடுமுன் மரச்சட்டத்தில் அடித்து உப்பை உதிர்க்கும் எளிய முறையைக்கூடப் பரப்பியது. ஆக, சந்தை, ஆய்வுக்கூடம், அரசு மூன்றும் ஒரே திசையில் இழுத்தால் சிறிய தோல் ஷாப்பும் நகர்கிறது. ஆனால் அந்தத் தடைகள் காத்தது ஹாம்பர்க்கில் செருப்புப் போடுபவரின் தோலை. வாணியம்பாடியில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவரைக் காக்கும் விதியை எந்த வாங்கும் நாடும் எழுதவில்லை.

அந்த வேலை நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ கெட்டதாக அத்தீர்ப்பு குறித்தது. பின்னர் இழப்பீட்டு ஆணையம் 2001இல் 186 கிராமங்களில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத்தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடு, குழு அமை, கண்காணி என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் ஒரு தலைமுறை. சந்தையின் தடைக்குச் சில ஆண்டுகளிலேயே பணிந்த தொழில், நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கு முப்பதாண்டாகியும் முழுதாகப் பணியவில்லை. இதைத் தொழிலதிபரின் பேராசை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. உப்புக்கான செலவு தோலின் விலைக்குள் வரவே இல்லை என்பதுதான் வேர்.

மேல்கரைக்கு வருவோம். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் செல்கிறது. 1892இல் சென்னை அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்த ஆறும் உண்டு. அதன்பின் நூறாண்டுக்கும் மேல் கடந்து, 2006இல் குப்பம் அருகே ஆந்திரம் திட்டமிட்ட அணைக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016இல் ஆந்திரம் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது சச்சரவு மீண்டும் எழுந்தது. வெள்ளம் வந்து மணலைக் கழுவாத ஆற்றில் உப்பு தங்கும். நீரின் அளவும் நீரின் தரமும் இங்கே ஒரே பிரச்சினை. ஆனால் இதே மூன்று மாநிலங்கள் சென்னை-பெங்களூரு தொழில் வழித்தடத்துக்காக ஜப்பான் கூட்டுறவு முகமையின் திட்ட வரைபடத்தை ஏற்று, பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், தும்கூர் என மாநிலத்துக்கு ஒரு மையமாகப் பிரித்துக்கொண்டன. 262 கிலோமீட்டர் விரைவுச்சாலையும் மூன்று மாநிலங்கள் வழியாகவே வருகிறது. சரக்குப் பெட்டிக்காக ஜப்பானோடு கூடி அமர முடிந்தவர்களால், ஆற்றுக்காகத் தங்களுக்குள் கூடி அமர முடியாது என்று நான் நம்பவில்லை.

உப்புக்காக நாடுகள் கூடி அமர்ந்த முன்மாதிரி ஒன்று உண்டு. பிரான்சின் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் ரைன் ஆற்றில் உப்பைக் கொட்டின. கீழ்க்கரையில் நெதர்லாந்தின் தோட்டப்பயிரும் குடிநீரும் கெட்டன. 1976 டிசம்பர் 3 அன்று பான் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. உப்பைக் குறைக்கும் செலவில் நெதர்லாந்து 34, பிரான்ஸ் 30, மேற்கு ஜெர்மனி 30, சுவிட்சர்லாந்து 6 விழுக்காடு ஏற்பதாக முடிவாயிற்று. பாதிக்கப்பட்ட நாடே அதிகப் பங்கு கொடுத்தது பலருக்கு உறுத்தியது, எனக்கும் உறுத்துகிறது. நடைமுறைக்கு வரவும் 1985 ஆயிற்று. இருந்தும், உப்புக்கு விலை உண்டு, அதைப் பயனடைந்தோரும் பகிரலாம் என்பதை அது எழுத்தில் வைத்தது.

இன்று இந்தியா வணிக உடன்படிக்கைகளை அடுத்தடுத்துச் செய்துவருகிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்படிக்கை தோலுக்கும் காலணிக்கும் சுங்கம் நீங்க வழிசெய்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள உடன்படிக்கையில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டை ஊக்குவிக்க உறுதி தந்துள்ளன. சுங்கத்தைக் குறைக்கும் பத்திரத்துக்குள் முதலீட்டு உறுதியையும் பெற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படியானால், கலப்பு உப்பைப் பிரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைக்கும், உப்பில்லாமல் தோலைக் காக்கும் குளிரூட்டலுக்கும், நிலத்தடி நீர்க் கண்காணிப்புக்கும் இதே வகை உறுதியைப் பாலாற்றின் பெயரில் கேட்பது பேராசை ஆகாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. செலவை ஏற்றினால் வாங்குபவர் வங்கதேசத்துக்குப் போய்விடுவார் என்பார்கள். வங்கதேசம் 2017இல் ஹசாரிபாகிலிருந்து சாபருக்குத் தோல் ஷாப்புகளை மாற்றியது. சுத்திகரிப்பு நிலையம் நிறைவாக இயங்காததால் பெரும்பாலானவற்றுக்குச் சர்வதேசச் சான்று கிடைக்கவில்லை, ஐரோப்பியச் சந்தை கைநழுவி, குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. அழுக்கு மலிவாக இருந்தும் அங்கே வாடிக்கையாளர் குவியவில்லை. சுங்கச் சலுகையே போதும் என்பவர்கள், 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியதை நினைக்கட்டும். சுங்கம் ஒரு கையெழுத்தில் மாறும், சுத்தமான நீர் அப்படி மாறாது. மூன்றாவது மறுப்பு கனமானது: மாசுபடுத்தியவர் தர வேண்டியதை வெளிநாட்டு வரிப்பணத்தில் ஏன் தீர்க்க வேண்டும்? இழப்பீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையலாகாது, அது தோல் ஷாப்பின் கடன். வசூலித்துக் கொடுப்பது அரசின் கடன். நான் பகிரச் சொல்வது இனி கட்ட வேண்டிய கட்டமைப்பின் செலவை, அதுவும் மலிவான தோலால் அரை நூற்றாண்டு பயன்பெற்ற வாங்குபவரோடு. நீர்ப்பங்கீட்டில் அயல்நாட்டுக்கு இடமில்லை. அதை மூன்று மாநிலங்களும் ஒரு நிலையான பாலாற்று அமைப்பில் பேச வேண்டும். அந்த அமைப்பில் தொழில்துறைக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் இணையாக அந்த 186 கிராமங்களின் உழவர்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். நீரின் அளவும் உப்பின் அளவும் மாதந்தோறும் குப்பம் முதல் வாயலூர் முகத்துவாரம் வரை ஒரே முறையில் எடுக்கப்பட்டு, தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். வணிகப் பேச்சுக்கு டெல்லியிலிருந்து போகிறவர்கள் கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.